ஃபிளேவோபிரிடால்: பெயரை நம்பி மருந்தைப் படிக்கலாமா?

ஃபிளேவோபிரிடால் மருந்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் கதை இது: மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் டைசாக்சிலம் பைனெக்டாரிஃபெரம் மரத்தில் ரோஹிடுகைன் என்ற பொருள் கிடைத்தது. மும்பையில் இருந்த ஹெக்ஸ்ட் ஆய்வகத்தின் வேலையிலிருந்து, அதன் மாற்று வடிவமாக இந்த மருந்து பிறந்தது. மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட முதல் சிடிகே தடுப்பான் இதுதான். இது புற்றுநோய் செல் பிரிவதை நிறுத்துகிறது.

மற்றதெல்லாம் சரி, பெருமைப்படலாம். என் சண்டை கடைசி வரியோடதான்.

கைனேஸ் என்பது வேறொரு புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. சிடிகே என்றால் 'சைக்ளினைச் சார்ந்த கைனேஸ்'. பெயரைப் பார்த்ததும் மொத்தக் குடும்பமும் செல் சுழற்சி வேலைதான் பார்க்கும்னு நினைச்சுடுவோம். சிடிகே1, சிடிகே2 அப்படித்தான். ஆனா சிடிகே7-க்கு ரெண்டு வேலை. ஒரு பக்கம் அந்த இரண்டையும் முடுக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம் டிஎஃப்ஐஐஎச் என்ற புரதக் கூட்டணியில் இருந்துகொண்டு, மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் பாலிமரேஸின் வாலில் பாஸ்பேட் ஒட்டுகிறது. இது 1994-95லேயே தெரிந்த விஷயம். சிடிகே9-க்கோ படியெடுத்தல்தான் முக்கிய வேலை. கிளம்பிய கொஞ்ச தூரத்தில் தயங்கி நிற்கும் பாலிமரேஸை அது கிளப்பிவிடுகிறது.

ஃபிளேவோபிரிடால் பலமாகப் பிடிப்பது இந்த சிடிகே9-ஐத்தான். படியெடுத்தல் நின்றால் முதலில் தீர்ந்துபோவது ஆயுசு குறைந்த சரக்கு. எம்சிஎல்-1 புரதம் அந்த ரகம். திருக்கடையூர்க்காரனா சொன்னா, செல்லுக்கு வரும் எமனைத் தடுத்து நிறுத்துறது அதுதான்.

இதுக்கு நல்ல சாட்சி நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்று. ரத்தத்தில் ஓடும் அந்தப் புற்று செல்களில் பெரும்பாலானவை பிரிவதே இல்லை. பிரிவதை மட்டும் நிறுத்தும் மருந்துக்கு அங்கே என்ன வேலை? ஆனால் மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளிடமும் இது வேலை செய்வதை 2007-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு காட்டியது.

இதில் ஆபத்தும் இருந்தது. செல்கள் மொத்தமாக, வேகமாகச் செத்ததால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி, டயாலிசிஸ் வரை போனது. 'பிரிவதை நிறுத்தும்' என்ற சாதுவான வரி இந்த ஆபத்தையே மறைத்துவிடுகிறது. நோயாளியின் வீட்டில் யாராவது அதை நம்பிப் படிப்பார்கள்.

கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும்: ஃபங்ஷனோட பேரைப் பார்த்தா போதாது, அது எதையெல்லாம் கூப்பிடுதுன்னு பார்க்கணும். அந்தக் கடைசி வரியை இப்படித் திருத்தலாம்: "செல் உயிரோடிருக்கத் தேவையான படியெடுத்தலை நிறுத்துகிறது, பிரியாத செல்லும் அதனால் சாகும்."