கைநாட்டும் கவிதையும்

அஹ்னாப் ஜஸீமின் ‘நவரசம்’ கவிதைத் தொகுதி 2017இல் வெளிவந்தது. 2020 மே மாதம் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நமது சஞ்சிகைகளில் வந்திருக்க வேண்டிய விமர்சனம் பொலிஸ் கோப்பில் எழுதப்பட்டது.

அதற்கு எழுத்தாளர்கள் சொன்ன முக்கியமான பதில், ‘இக்கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை, ஒழுங்காக வாசியுங்கள்’ என்பதாகும். அது உண்மை. ஆயினும் அந்தப் பதில் போதாது என்பதே என் கருத்து. கவிதை கசப்பானதாக, ஏன், பிழையானதாகவே இருந்தாலும், எழுதியவரை விசாரணையின்றி மாதக்கணக்கில் அடைத்து வைக்கலாமா? காவலில் இருப்பவரின் உரிமை அவரது எழுத்தின் தரத்தில் தங்கியதல்ல. ‘நல்ல கவிஞர், விட்டுவிடுங்கள்’ என்று மட்டும் கேட்டால், ஒரு வரியும் எழுதத் தெரியாதவருக்காக யார் பேசுவது?

சிங்கராசா வழக்கை எடுத்துக்கொள்வோம். அதிகம் படிக்காத இந்தத் தமிழ்த் தொழிலாளி 1993இல் மட்டக்களப்பில் கைதானார். தாம் சித்திரவதை செய்யப்பட்டதாக அவர் கூறினார். வாக்குமூலம் சிங்களத்தில் தயாரானது. மொழிபெயர்த்தவரும் தட்டச்சு செய்தவரும் ஒரே பொலிஸ் கொன்ஸ்தாபிள். சிங்கராசா அதில் கைநாட்டு வைத்தார். 1995இல் 50 வருடச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆனது. வாக்குமூலம் வலிந்து பெறப்பட்டது என்பதை அவரே நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 16ஆம் பிரிவு. இது நியாயமான விசாரணைக்கு முரணானது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் கண்டது. அம்முடிவு இங்கு செல்லாது என்று 2006இல் நமது உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

விமர்சகர்கள் வாசிக்க வேண்டிய பனுவல் இதுவும்தான். தன்மையில் எழுதப்பட்ட அந்தப் பத்திரத்தில் ‘நான்’ என்று பேசுவது யார்? கதைசொல்லி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பிறர் எழுதிய வாக்கியத்தை ஒருவரின் வாக்கியமாக்கும் வேலையைத்தான் சித்திரவதை செய்கிறது.

ஹற்றன் பக்கத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எனக்கு இது தூரத்துக் கதையல்ல. யுத்த காலத்தில் மலையக இளைஞர்களும் இதே சட்டத்தில் பிடிபட்டார்கள். 2000 ஒக்டோபர் 25இல், பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில், அரச காவலில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது. ஆனால் லயத்துச் சனங்கள் தமிழில் சொல்லும் முறைப்பாடு பல வேளைகளில் இன்னமும் சிங்களத்தில்தான் பதிவாகிறது. வாசிக்க முடியாத தாளில் ஒப்பமிட்டு அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. சித்திரவதைக்கு ஆகக் குறைந்தது 7 வருடச் சிறை என்கிறது 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். தடுப்பிடங்களைப் பார்வையிட வழிசெய்யும் சர்வதேச நெறிமுறையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக் காவலின் உச்ச எல்லையை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. 16ஆம் பிரிவை மட்டும் அது தொடவில்லை.

ஆகவே சிறையிலிருந்து ஒரு நூல் வந்தால் அதன் அழகியலைப் பேசுவோம். அதோடு, அதை எழுதியவரிடம் வாக்குமூலம் எந்த மொழியில் எடுக்கப்பட்டது, யார் மொழிபெயர்த்தார், சட்டத்தரணி பக்கத்தில் இருந்தாரா என்றும் கேட்போம். நூல் எழுதாத கைதிக்காகவும் இதே கேள்விகளைக் கேட்போம்.