துள்ளும் மீனுக்கு மூடி மட்டும் போதுமா?

காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியில் ஒரு மீனைக் காணவில்லை. தேடினால், மேசைக்கு அடியில் காய்ந்து கிடக்கிறது. மீன் வளர்க்கும் பல வீடுகள் கண்ட இழப்பு இது. கோவையிலும் கொழும்பிலும் இதற்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: தொட்டிக்கு மூடி போடுங்கள். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் மீன் ஏன் துள்ளியது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. அந்த விடையில் ஒரு பாதி இலங்கையின் மீன்களிடமும் மறுபாதி கோவை அடங்கிய கொங்கு நாட்டின் தண்ணீரிலும் இருக்கிறது.

நீரை விட்டு வெளியேறுவது சில மீன்களுக்குப் பிழைக்கும் வழி. 1791-இல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், பனைமரத்தின் பிளவிலிருந்து ஒரு பனையேறிக் கெண்டையைப் பிடித்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சானது. இலங்கையில் காலனிச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்டும், வற்றும் குளத்தை விட்டுத் தரைவழியே நகரும் மீன்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இருக்கும் நீர் கெட்டால் வேறு நீரைத் தேடிப் போ என்பது இந்த உயிர்களுக்குள் ஊறிய பழக்கம். அதைக் கண்ணாடித் தொட்டி மாற்றிவிடுவதில்லை.

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில், நிழல் படர்ந்த சிற்றோடைகளில் மல்புலுட்டா என்ற சிறிய மீன் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். 1937-இல் தெரணியகல அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். மிரண்டால் மேல்நோக்கிப் பாயும். சிறு இடைவெளி கிடைத்தாலும் வெளியேறிவிடும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு மின்னும் கில்லி மீன்களும் அப்படித்தான். இலங்கைக்கே உரிய ஓரினமும் தென்னிந்திய ஓடைகளில் வாழும் இன்னோரினமும் நீர்ப்பரப்பை ஒட்டியே திரிந்து, மேலே விழும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இவை துள்ளும். விரால் இனங்களும் இந்தக் கூட்டத்தில் சேரும். இத்தகைய மீன்களுக்குக் குழாயும் ஒயரும் நுழையும் மூலைகள் வரை அடைத்த மூடி கட்டாயம் வேண்டும். இலங்கை மீன்கள் கற்றுத்தரும் பாடம் இது.

கோவையின் பாடம் வேறு. இங்குள்ள கடைகளில் அதிகம் விற்பவை கப்பி, மோலி, கோல்ட் ஃபிஷ், ஏஞ்சல் போன்றவை. இயல்பில் பெரிய துள்ளிகள் அல்லாத மீன்கள் கூட இங்கே வெளியே விழுகின்றன என்றால், முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் இருப்பது கொங்கு நாட்டின் வழக்கம். நல்ல தண்ணியாக வரும் சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. உப்புத் தண்ணி எனப்படும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் மிகக் கடினமானது. மென்நீரில் பழகிய மீனின் தொட்டியில் ஒரே நாளில் பாதியை இறைத்துவிட்டு உப்புத் தண்ணியை ஊற்றினால், அதன் உடல் அந்த மாற்றத்தைத் தாங்காமல் தவிக்கும். குழாய் நீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் செவுளை எரிக்கும். இரண்டு நிலையிலும் மீன் தப்பியோடப் பார்க்கும்.

கோடையில் இன்னொரு துன்பம் சேர்கிறது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகக் குறையும். வெப்பத்தில் மீனின் தேவையோ கூடும். அந்த நேரத்தில் மின்சாரமும் போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். 2012-இல் கொங்கு மண்டலம் நாள்தோறும் பத்து மணி நேரத்துக்கும் மேலான மின்வெட்டைப் பார்த்தது. 2022 மார்ச் இறுதியில் இலங்கை 13 மணி நேர மின்வெட்டைக் கண்டது. இத்தகைய நாள்களில் மூடியை இறுக்கி வைத்தால் மீன் வெளியே விழாது. உள்ளேயே மூச்சுத் திணறும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்று மோட்டாரும், தொட்டியில் குறைவான மீன்களும் அப்போது உயிர் காக்கும்.

மூடியையும் ஊர் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குளிர்ந்த நுவரெலியாவிலும் ஊட்டியிலும் கண்ணாடி மூடி நல்லது. வெப்பத்தையும் ஈரக் காற்றையும் காக்கும். கோவை, ஈரோடு, திருப்பூர் கோடைக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கொசுவலையே மேல். நீர் ஆவியாகிக் குளிரும், காற்றும் புகும். இரு வகை ஊர்களிலும் நீர்மட்டத்தை விளிம்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே வைக்கலாம். நீர்ப்பரப்பில் செடி படர்ந்திருந்தால் மிரளும் மீன் அதற்குள் ஒளியும். ஆனால் அதற்காகக் கோவையின் உக்கடம் குளத்து ஆகாயத்தாமரையை அள்ளி வர வேண்டாம். நீர்நிலைகளை மூடிக் கெடுக்கும் அந்தச் செடியை இலங்கை 1909-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. நம் குளங்கள் இன்னும் அதனுடன் போராடுகின்றன. மேற்பரப்பு வரை வளரும் வேலம்பாசியே போதும்.

யாழ்ப்பாணத்துக்குக் கோவையின் பாடமும் தேவைப்படும். சுண்ணாம்புப் பாறையில் ஊறிய அங்குள்ள கிணற்று நீர் கடினமானது. ஈரவலய ஓடையின் மீனை நேரே அதில் விட்டால் அதுவும் தவிக்கும். விரால் குஞ்சையோ கில்லியையோ வாங்கும் கோவைக்காரருக்கு இலங்கையின் பாடம் தேவைப்படும். இருவரும் புதிய மீனைப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, முதல் இரவு விளக்கை அணைத்துவைக்க வேண்டும். நீர் மாற்றும்போது கால் பங்குக்கு மேல் மாற்றக் கூடாது. குளோரின் போக்கிய நீரையே ஊற்ற வேண்டும்.

மூடி போட்ட பிறகும் மீன் அதில் முட்டிக்கொண்டே இருந்தால், ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அமைதியடைய முடியாது. இயல்பாகத் துள்ளும் இனமா, நாம் கொடுத்த நீரிலிருந்து தப்பப் பார்க்கும் மீனா என்று கண்டறிவது, அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நம் கடமை.