மீச்சிற்றளவு மட்டும் போதுமா?

துகள் இயற்பியலில் காலத்தை அளக்கும் தொகுப்புச் சுற்றுகளைப் பற்றி எழுதுவோர் பலர், சில்லின் மீச்சிற்றளவைக் கூறிவிட்டு, அதுவே அதன் துல்லியம் என்று முடித்துவிடுகிறார்கள். வெர்னியர் அளவியைக் கையாண்டு, சுழிப்பிழை கண்ட மாணவராகிய நீங்கள் இதை ஏற்கலாமா?

செர்ன் ஆய்வகத்தில் உருவான எச்.பி.டி.டி.சி. என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் மீச்சிற்றளவு ஏறத்தாழ 25 பைக்கோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே முக்கால் சென்டிமீட்டர்தான் செல்லும்! வெளியிலிருந்து வரும் 40 மெகா ஹெர்ட்ஸ் துடிப்பைச் சில்லு தன்னுள்ளே எட்டு மடங்காக்குகிறது. இப்போது ஒரு துடிப்புக்கு 3.125 நானோ நொடி. அத்துடிப்பு 32 தாமதக் கண்ணிகள் கொண்ட சங்கிலியில் ஓடுகிறது. ஒரு கண்ணிக்கு 98 பைக்கோ நொடி. வெப்பமோ மின்னழுத்தமோ மாறினால் கண்ணிகளின் வேகமும் மாறுமே என்பீர்கள். 32 கண்ணிகளின் மொத்தத் தாமதம் ஒரு துடிப்புக்குச் சமமாக இருக்கும்படி பின்னூட்டம் திருத்திக்கொண்டே இருக்கிறது. இந்தச் சில்லில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

98-ஐ நான்காகப் பிரித்து 25 ஆக்கும் கடைசிப் படியைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. மின்தடை, மின்தேக்கிகளால் ஆன அந்தப் பகுதி பின்னூட்டத்துக்குள் இல்லை. தனியே அளவு திருத்த வேண்டும். மேலும், நான்கு உள்வழிகள் சேர்ந்து ஒன்றாகிவிடுவதால் 32 வழிகள் 8 ஆகக் குறைகின்றன. அதே சிலிக்கானில் இயங்கும் கணிப்புப் பகுதியின் இரைச்சல் வேறு காலக் கட்டங்களைச் சமமற்றவையாக்குகிறது. ஆனால் இரைச்சலும் அளவுகோலும் ஒரே 40 மெகா ஹெர்ட்ஸ் துடிப்பில் பிறந்தவை. ஆகவே பிழை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழும். அட்டவணை இட்டுக் கழித்துவிடலாம். சுழிப்பிழையைக் கழிப்பதுபோலத்தான்!

இதெல்லாம் எதற்கு? செர்னில் உள்ள ஆலிஸ் சோதனையில் துகள்கள் சுமார் 3.7 மீட்டர் ஓடி உணர்கருவியை அடைகின்றன. 2.5 ஜி.இ.வி./சி உந்தமுள்ள பையானுக்கும் கேயானுக்கும் வருகை வேறுபாடு 220 பைக்கோ நொடியளவே. அதைத் தவறவிட்டால் எது பையான், எது கேயான் என்று இந்த அளவீட்டைக் கொண்டு சொல்ல இயலாது.

பின்னர் வந்த பைக்கோ டி.டி.சி. சில்லின் மீச்சிற்றளவு 3 பைக்கோ நொடி, வழிகள் 64. அப்படியானால் எட்டு மடங்கு துல்லியமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். உணர்கருவியின் பிழை 50, சில்லின் பிழை 20 என்று கொண்டால், மொத்தம் 54. சில்லின் பிழையை அறவே நீக்கினாலும் 50-க்குக் கீழே இறங்காது. உணர்கருவியின் பிழை 10 ஆகக் குறையட்டும். அப்போது மொத்தம் 22. அதில் பெரும்பங்கு பழைய சில்லினுடையது. புதிய சில்லுக்குச் செலவிட்டது தகுமா என்பதை அதனுடன் இணையும் உணர்கருவியை வைத்தே சொல்ல முடியும்.