துக்கமும் கூட்டுணர்வும்: விக்டர் சோயின் மறைவு பற்றிய ஒரு நோக்கு

வெகுசன இசைக் கலைஞர் ஒருவர் இறக்கும்போது அவருடைய இரசிகர் வெளிப்படுத்தும் துக்கத்தினை ஆய்வறிவாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இளமையின் உணர்ச்சிப் பெருக்கென்றோ, வணிகம் வளர்த்த வீரவழிபாடென்றோ கூறி அப்பாற் செல்வதே வழக்கமாயுள்ளது. முற்போக்கு விமர்சகரும் இதற்கு விதிவிலக்கல்லர். ஆயின், சோவியத் றொக் இசைக் கலைஞரான விக்டர் சோய் 1990 ஆகஸ்ட் 15 ஆந் திகதி இறந்தபோது எழுந்த துக்கத்தை நுணுகி நோக்குவோர்க்கு இவ்விளக்கங்கள் போதா என்பது புலனாகும். அத்துக்கம் ஒரு சமூகச் செயற்பாடு. அதனை அவ்வாறே ஆராய்தல் வேண்டும் என்பதே நமது கருத்து.

சோய் 1962 இல் லெனின்கிராட்டிற் பிறந்தவர். தாய் ரஷ்யர், தந்தை கொரிய வமிசத்தவர். 1937 இல் தூரகிழக்குப் பகுதியிலிருந்து மத்திய ஆசியாவுக்குப் பலவந்தமாகக் குடிபெயர்க்கப்பட்ட சிறுபான்மையினர் சோவியத் கொரியர் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. 1980களின் தொடக்கத்தில் அவர் நிறுவிய ‘கினோ’ குழுவின் பாடல்கள் கையோடு கையாகப் பிரதி செய்யப்பட்ட ஒலிநாடாக்கள் மூலமே முதலிற் பரவின. 1986 முதல் அவர் ‘கம்சாத்கா’ என்னும் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளிப்போடும் தொழிலாளியாகவும் இருந்தார். ‘அஸ்ஸா’ (1987), ‘ஊசி’ (1988) ஆகிய திரைப்படங்களின் பின்னரே அவர் புகழ் நாடளாவியதாயிற்று. இறப்பதற்கு ஏறத்தாழ இரு மாதங்களுக்கு முன், 1990 ஜூனில், மொஸ்கோவின் லுஷ்னிக்கி விளையாட்டரங்கிற் பெருந்திரளின் முன் பாடினார். எனவே வணிகம் அவரை உருவாக்கிற்று என்பது முழு உண்மையன்று. இரசிகர் ஒவ்வொருவரும் நாடாவைப் பிரதி செய்து கொடுத்தே அவரை உருவாக்கினர். அவர்கள் இழந்தது தாமே வளர்த்த ஒன்றனை.

லத்வியாவில் அவர் செலுத்திச் சென்ற மோட்டார் வண்டி பஸ் வண்டியொன்றுடன் மோதியதில் அவர் இறந்தார். அப்பொழுது வயது 28. ஆகஸ்ட் 19 இல் லெனின்கிராட்டின் பொகஸ்லோவ்ஸ்கோயே மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இளைஞர் பலர் கல்லறை அருகே கூடாரமிட்டுத் தங்கினர். மொஸ்கோவின் அர்பாத் பகுதியில் ஒரு சுவரிலே, சோய் இறந்தார் என ஒருவர் எழுத, அவர் வாழ்கிறார் என வேறொருவர் மறுமொழி எழுதினார். அச்சுவர் வாசகங்களால் நிறைந்தது. ஒடித்த சிகரெட்டை அங்கு வைத்துச் செல்வது ஒரு சடங்காயிற்று. தலைவன் இறந்துபடப் பாணரும் பிறரும் செயலற்றுப் புலம்புதலைக் கையறுநிலை என்பது நம் இலக்கண மரபு. அங்கு பாணன் தலைவனைப் பாடுகிறான். இங்கோ இறந்தவனே பாணன். கேட்டவர்கள் அவன் பாடல்களைக் கொண்டே அவனுக்காகப் புலம்பினர்.

இத்துக்கத்தின் முக்கியத்துவத்தை அதன் வரலாற்றுச் சூழலில் வைத்தே உணரலாம். பிரெஷ்னேவ் (1982), அந்திரோப்போவ் (1984), செர்னென்கோ (1985) என மூன்று தலைவர்களின் அரசமுறை இறுதிச் சடங்குகளை மூன்றாண்டுக்குள் கண்ட தலைமுறை இது. துக்கம் அவர்களுக்கு மேலிருந்து விதிக்கப்படும் கடமையாகவே அறிமுகமாகியிருந்தது. 1990 இல் அவர்கள் எவருடைய ஆணையுமின்றி அழுதனர். எனினும் அவர்கள் சுவரில் எழுதிய வாசகம் முற்றிலும் புதியதன்று. லெனின் இறந்த பின்னர் 1924 இல் மாயாக்கோவ்ஸ்கி எழுதிய கவிதையொன்றிலிருந்து நாடெங்கும் பரவிய முழக்கத்தின் வாய்பாடே அது. அரசு உயிரற்றதாக்கிவிட்ட மொழியினை மக்கள் மீட்டெடுத்துத் தமதாக்கினர். ‘அஸ்ஸா’வின் இறுதியில் ஒலிக்கும், மாற்றத்தை வேண்டும் பாடலுக்கும் இதுவே நேர்ந்தது. எத்தகைய மாற்றம் என அப்பாடல் கூறுவதில்லை. அது அரசியல் முழக்கமாக எழுதப்பட்டதன்று என்றும் சொல்லப்படுவதுண்டு. ஆயினும் அதன் வெற்றிடத்தைக் கேட்டவர்கள் தம் வாழ்வால் நிரப்பினர்.

இவ்வெற்றிடமே அத்துக்கத்தின் வலிமை; அதன் குறைபாடும் அதுவே. அடக்கம் நிகழ்ந்து சரியாக ஓராண்டில், 1991 ஆகஸ்ட் 19 இல், மொஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தொடங்கியது. அவ்வாண்டின் முடிவிற் சோவியத் ஒன்றியமே மறைந்தது. மாற்றம் வந்தது, ஆனால் 1992 இன் விலையேற்றம் உழைப்போரின் சேமிப்பை அழித்தது. சோயை இழந்து அழுதவர்களுள் எத்தனை பேர் இம்மாற்றத்தை வேண்டினர் என்னும் வினாவுக்குப் பாடலில் விடையில்லை. கூடி அழுதல் கூடிச் சிந்தித்தலாக வளராவிடின், அதன் பயனை வேறு சக்திகள் அறுவடை செய்துகொள்ளும். 1999 இல் சோயின் உருவம் ரஷ்ய அஞ்சல் முத்திரையில் இடம்பெற்றது. கொதிகலன் அறை நூதனசாலையாயிற்று. கலகக்குரல் மரபுரிமைப் பொருளாகும் விதம் இதுவே.

ஆயினும் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2020 ஆகஸ்டில், பெலாரஸின் தலைநகரான மின்ஸ்கில், அரச சார்பு நிகழ்வொன்றிலே ஒலியமைப்பாளர் இருவர் அதே பாடலை ஒலிக்கச் செய்து பத்து நாட் சிறைத்தண்டனை பெற்றனர். பாடியவர் மறைந்து முப்பதாண்டுகள் கழிந்திருந்தன. ஓர் அரசு அப்பாடலுக்கு இன்னும் அஞ்சுகின்றதெனின், அதை வெறும் இளமை மயக்கமென நாம் ஒதுக்குதல் எவ்வாறு பொருந்தும்?

இரசிகரின் கண்ணீரை ஏளனஞ் செய்தலும், அதனையே புரட்சியெனக் கொண்டாடுதலும் ஒருங்கே தவறானவை. அவர்கள் எதனை இழந்ததாக உணர்ந்தனர், அதனைப் பேச வேறு எந்தக் களம் அவர்களுக்கு இருந்தது என வினவுதலே விமர்சகரின் கடமை. மக்கள் தாமாகக் கூடி அழும் இடத்தில், அவர்கள் வாய்திறந்து கூறமுடியாதிருந்த ஒன்று உண்டு. அதனைச் செவிமடுக்காத திறனாய்வு மக்கட் பண்பாட்டைப் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகின்றது.