மெத்தடின் தலைமேல் ஒரு வரி

பைத்தானில் ஒரு கிளாஸின் மெத்தட் ஓட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க, அதன் முதல் வரியில் கடிகாரத்தைப் படித்து, கடைசி வரியில் கழித்துப் பார்த்தால் போதும். பத்து மெத்தட்களை இப்படி அளந்தால் பத்து இடங்களில் அதே வரிகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டும். டெக்கரேட்டர் அந்த ஒட்டடையை வெளியே நிறுத்திவிடுகிறது. மெத்தடுக்கு மேலே '@' குறியோடு ஒரே வரி. அதை எடுத்துவிட்டால் அளந்த சுவடே இராது.

இந்த எழுத்துமுறை 2004-இல் பைத்தான் 2.4-உடன் வந்தது. அதற்கு முன்பு, மெத்தடை எழுதி முடித்தபின் அதன் உறையிட்ட வடிவத்தை அதே பெயருக்கு மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது. நீண்ட மெத்தடில் அந்தச் செய்தி படிப்பவர் கண்ணில் கடைசியில்தான் படும்.

டெக்கரேட்டர் ஒரு ஃபங்ஷனை வாங்கி, அதற்கு உறையான இன்னொரு ஃபங்ஷனைத் தருகிறது. உறை தன்னிடம் வரும் ஆர்குமென்ட்களை அப்படியே உள்ளே அனுப்புகிறது. இதன் அழகு முழுக்கத் தெரிவது 'செல்ஃப்' விஷயத்தில். உறை சாதாரண ஃபங்ஷனாக இருக்கும்வரை பைத்தானே ஆப்ஜெக்டை அதனோடு பிணைத்து, செல்ஃபை முதல் ஆர்குமென்டாகச் சேர்த்துவிடும். டெக்கரேட்டரையே ஒரு கிளாஸாக எழுதி, அழைப்பை ஏற்கும் வசதியை மட்டும் வைத்தால் செல்ஃப் வந்து சேராது. பிணைக்கும் வேலையையும் எழுதுபவரே செய்ய வேண்டும். நேரம் பார்க்க இத்தனை ஆடம்பரம் வேண்டியதில்லை.

எந்தக் கடிகாரம் என்பதில்தான் கைத்திறன் தெரியும். 'டைம்' ஃபங்ஷன் காட்டுவது கணினியின் நாள்நேரம். இடையில் அது திருத்தப்பட்டால், மெத்தட் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டதாகக் கணக்கு வரலாம். 2012-இல் பைத்தான் 3.3 தந்த 'பெர்ஃப் கவுன்ட்டர்' பின்னோக்கி நகராது. சிறு இடைவெளிகளையும் நுணுக்கமாகக் காட்டும். பிராசஸர் உழைத்த நேரம் மட்டும் வேண்டுமென்றால் 'பிராசஸ் டைம்' உண்டு. மெத்தட் தூங்கிக் காத்திருந்த நேரம் அதில் சேராது.

தேர்ந்த கை இன்னும் இரண்டைக் கவனிக்கும். மெத்தட் பிழையோடு வெளியேறினாலும் நேரம் பதிவாக, கணக்கை 'ஃபைனலி' பகுதியில் வைக்கும். 'ஃபங்க்டூல்ஸ்' மாட்யூலின் 'ராப்ஸ்' கொண்டு மூல மெத்தடின் பெயரையும் விளக்கக் குறிப்பையும் உறைக்குப் பூட்டும். இல்லையேல் அளந்த எல்லா மெத்தட்களும் உறையின் பெயரிலேயே நடமாடும்.

அசிங்க் மெத்தடுக்குச் சாதாரண உறை பொய் சொல்லும். அழைத்தவுடன் கைக்கு வருவது கோரூட்டீன்தான். வேலை இன்னும் தொடங்கியிருக்காது, காட்டும் நேரமோ பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். உறையும் அசிங்க்காக இருந்து, உள்ளே 'அவெய்ட்' செய்தால்தான் உண்மை வெளிவரும். தன்னையே அழைக்கும் மெத்தடில் ஒவ்வொரு அழைப்பும் தனித்தனியே பதிவாகும். அவற்றைக் கூட்டினால் ஒரே நேரம் பலமுறை எண்ணப்படும். லட்சக்கணக்கில் அழைக்கப்படும் குட்டி மெத்தடிலோ உறையின் சொந்தச் செலவே அளவைக் கெடுத்துவிடும். அங்கே 'டைம்இட்' மாட்யூல்தான் பொருத்தமான கருவி.