வானொலிக் குரலும் ஊர்மேடையும்: மெம்பிஸ் நகரக் கறுப்பின அறிவிப்பாளர்கள் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாடகர்களையும் இசைத்தட்டு நிறுவனங்களையுமே முதன்மைப்படுத்துவர். இவற்றுக்கிடையே நின்ற வானொலி அறிவிப்பாளர், பாட்டுக்கு முன்னும் பின்னும் ஏதோ பேசியவர் என்ற அளவிலேயே நினைவுகூரப்படுகிறார். இம்மதிப்பீடு குறைபாடுடையது. டெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரை எடுத்துக்கொள்வோமாயின், மேடையையும் ஒலிபரப்பையும் பிணைத்தவர் அறிவிப்பாளரே என்பதும், அப்பிணைப்பே அவர் குரலுக்கு மதிப்பளித்தது என்பதும் புலனாகும். அக்குரல் எதுவரை சுதந்திரமாக ஒலித்தது என்ற வினாவும் உடன் எழும். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1947இல் மெம்பிஸில் டபிள்யூ.டி.ஐ.ஏ. என்னும் வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் உரிமையாளர் இருவரும் வெள்ளையர். வெள்ளை நேயர்களுக்கென நடத்திய நிகழ்ச்சிகள் போதிய வருவாயைத் தரவில்லை. நகர மக்களுள் மூன்றிலொரு பங்கினருக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவராயிருந்தும், அவர்களுக்கெனப் பேசும் நிலையம் எதுவும் அங்கு இருக்கவில்லை. கதவைத் திறந்தது வணிகத் தேவையேயன்றிக் கொள்கையன்று. 1948 ஒக்டோபர் 25ஆம் நாள் நாற் டி. வில்லியம்ஸ் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். அவர் புக்கர் ரி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றாசிரியர்; பத்திரிகைகளிற் பத்தி எழுதி வந்தவர். முதல்நாள் சொல்ல வேண்டியது மறந்துபோக, அவர் வாய்விட்டுச் சிரித்தார். அச்சிரிப்பே பின்னர் அவரது அடையாளமாயிற்று. சிறிது காலத்துள் நிலையத்தின் நிகழ்ச்சிகள் யாவும் கறுப்பின நேயர்களுக்குரியனவாயின. 250 வாற்று வலுவுடன் தொடங்கிய நிலையம் 1954இல் 50,000 வாற்றுக்கு உயர்ந்தது.

வில்லியம்ஸ் வானொலியால் உருவானவர் அல்லர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே பீல் வீதியிலிருந்த பலஸ் அரங்கில், புதியவர்கள் பாடியும் ஆடியும் போட்டியிடும் இரவு நிகழ்ச்சியை அவர் நடத்தி வந்தார். அவருடைய மாணவரான றூபஸ் தோமஸ் முதலில் அவருக்குத் துணையாக நின்று, பின் அப்பொறுப்பை ஏற்றார். தோமஸ் நகைச்சுவையாளர், பாடகர், ஆட்டக்காரர். துணியாலை ஒன்றில் உழைத்துக்கொண்டே வானொலியிலும் பேசினார். பாடியது பிடித்தால் ஆரவாரிப்பதும் பிடிக்காவிட்டால் கூச்சலிட்டு இறக்கிவிடுவதும் அம்மேடைக்கு வந்தோரின் வழக்கம். அறிவிப்பாளரின் நாவும் செவியும் அங்கேயே பயின்றன. ஊராரின் இரசனையை அவர் புள்ளிவிபரங்களிலிருந்து அறியவில்லை. முகத்துக்கு முகம் நின்று அறிந்தார். மிசிசிப்பியிலிருந்து வந்த றைலி கிங் என்னும் இளைஞர் இவ்வானொலியில் மருந்து விளம்பரம் பாடி, பீல் வீதியின் புளூஸ் பையன் என்று பெயர்பெற்றுப் பின் உலகறிந்த பி.பி. கிங்காக வளர்ந்ததும் இச்சூழலிலேயே.

ஒலிபரப்புக்கூடமும் ஒரு மேடையாகவே இயங்கியது. ஆலயப் பாடற் குழுவினர் அங்கு வந்து நேரடியாகப் பாடினர். ஆசிரியராகவும் விளங்கிய அறிவிப்பாளர் ஏ.சி. வில்லியம்ஸ், நகரின் கறுப்பினப் பள்ளி மாணவரைத் திரட்டி ரீன் ரவுண் பாடகர் குழுவை அமைத்தார். றூபஸ் தோமஸின் மகள் கார்லா, உயர்நிலைப் பள்ளி வயதை எட்டுமுன்னரே அதிற் சேர்ந்தார். பின்னர் ஸ்ராக்ஸ் நிறுவனத்தின் முதன்மைப் பாடகியருள் ஒருவரானார். ஒரு நகரின் இசை தலைமுறை தாண்டிக் கையளிக்கப்பட்ட வழியை இங்குக் காண்கிறோம். பள்ளி, ஆலயம், அரங்கு, வானொலி என்பன தனித்தனி நிறுவனங்களாயினும், அவற்றில் நடமாடியவர்கள் ஒரே மனிதர்களே.

எனினும் பாராட்டுடன் நின்றுவிடுதல் விமர்சனமாகாது. குரல் கறுப்பினத்தவருடையது, நிலையமும் இலாபமும் அவர்களுடையவல்ல. நிலையம் ஆண்டுதோறும் நடத்திய பெரும் இசைவிழாக்களின் வருவாயிலிருந்து, உடற்குறையுடைய கறுப்பினச் சிறுவர்கள் பள்ளி செல்லப் பேருந்துகள் வாங்கப்பட்டன. இது மெச்சத்தக்க பணியே. ஆயின், வரி செலுத்திய மக்களின் பிள்ளைகளுக்குப் பேருந்து வழங்க நகராட்சி ஏன் முன்வரவில்லை என்ற கேள்வியை இசைவிழா மேடை எழுப்பவில்லை. தருமம் உரிமையின் இடத்தை நிரப்பியது. வில்லியம்ஸ் நடத்திய கலந்துரையாடல் நிகழ்ச்சியில் இனப்பிரச்சினை பேசப்பட்டதுண்டு. ஆயினும் விளம்பரதாரரையும் உரிமையாளரையும் நம்பிய நிலையத்தில் அதற்கோர் எல்லை இருக்கவே செய்தது.

இவ்வெல்லையைக் கொண்டு அறிவிப்பாளரைக் கூலிக்குப் பேசியவர் என ஒதுக்குவாருமுளர். அது பொருந்தாது. காணாமற்போன பிள்ளை, தொலைந்த பொருள், கிடைக்கக்கூடிய வேலை ஆகியவற்றை நாள்தோறும் அறிவித்த குரலை மக்கள் தம் வீட்டாரின் குரலாக நம்பினர். அந்நம்பிக்கை நெருக்கடியிற் பயன்பட்டது. மெம்பிஸில் புகழ்பெற்றுப் பின் டெற்றோயிற் சென்ற மார்த்தா ஜீன் ஸ்ரைன்பேர்க், 1967இல் அந்நகரிற் கலகம் மூண்டபோது நெடுநேரம் வானொலியில் நின்று மக்களை அமைதிப்படுத்தினார். அதே ஆண்டு அற்லாண்டாவில் கூடிய வானொலி அறிவிப்பாளர்களிடையே உரையாற்றிய மாட்டின் லூதர் கிங், உரிமைப் போராட்டத்துக்கு அவர்கள் ஆற்றிய பங்கைப் பாராட்டினார். சிரிக்கவைத்த குரலே செவிசாய்க்கவும் வைத்தது.

பீல் வீதியின் கட்டடங்கள் பல பின்னாளில் நகர்ப் புனரமைப்பின் பெயரால் இடிக்கப்பட்டன. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடெங்கும் வைத்திருக்கக்கூடிய வானொலி நிலையங்களின் தொகைக்கு இருந்த வரம்பை நீக்கியது. ஓரிடத்திற் பதிவான குரல் பல நகரங்களில் ஒலிப்பது எளிதாயிற்று. அக்குரல் இனிமையாயிருக்கலாம், ஆனால் அதைக் கூச்சலிட்டு இறக்கிவிடக்கூடிய மேடை எதுவும் அதன் முன் இல்லை. மெம்பிஸ் அறிவிப்பாளர்கள் நிலையத்துக்கு உரிமையாளராய் இருக்கவில்லை. ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராய் இருந்தனர். அவர்களது சாதனையின் அடிப்படையும் அதுவே. உரிமையும் கைவந்திருப்பின் பேருந்து பற்றிய அக்கேள்வியும் ஒலித்திருக்கக்கூடும்.