குப்பிக்குள் சுருங்கும் குடல்: லெமூர் அளவீடுகளை எவ்வளவு நம்பலாம்?

மடகாஸ்கர் காடுகளில் வாழும் லெமூர்கள் நம் தேவாங்குக்குத் தூரத்து உறவு. பழம், இலை, மூங்கில் என்று இனத்துக்கு இனம் அவற்றின் உணவு மாறுகிறது. குடலும் அதற்கேற்ப மாறுகிறது. பழம் தின்னும் ரஃப்டு லெமூருக்குக் குட்டையான குடல். தின்றது சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். இலை தின்னும் சிஃபாக்காவுக்கு நீண்ட குடல், பெருங்குடல் தொடங்குமிடத்தில் பைபைகளாகப் பெருத்த சீக்கம், சுருண்டு கிடக்கும் பெருங்குடல். நார்ச்சத்தை நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்க அவகாசம் வேண்டுமல்லவா? அதனால் அங்கே உணவு ஒரு நாளுக்கும் மேலாகத் தங்குகிறது.

இந்த வேறுபாட்டை எண்ணாக்கித் தருவது பெரும்பாலும் பாடம் செய்து வைத்த உடல்கள்தான். வேறு வழியும் இல்லை. 2020இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலின்படி, 107 லெமூர் இனங்களில் 103 அழியும் ஆபத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சிக்காக ஒன்றைக்கூடக் கொல்வதை ஏற்க முடியாது. 1966இல் தொடங்கிய அமெரிக்காவின் டியூக் லெமூர் மையம் போன்ற இடங்களில் இயல்பாக இறந்தவற்றைப் பாதுகாத்து அளப்பது அறத்துக்கும் அறிவியலுக்கும் பொருந்திய வழி. ஒரே மாதிரியைத் தலைமுறை தாண்டியும் மறுபடி எடுத்துச் சரிபார்க்கலாம். புதிய கேள்வி எழுந்தால் பழைய குப்பியைத் திறந்து பார்க்கலாம். இந்த முறையின் பெரும்பலம் இதுதான்.

பலவீனம் அளவுகோலை வைக்கும்போது தெரியவரும். உயிருள்ள குடல் தசை இறுக்கத்தோடு இருக்கிறது. இறந்தபின் அது தளர்ந்து நீள்கிறது. ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்துத் திசுவை விறைக்கவைக்கிறது. பிறகு எத்தனாலுக்கு மாற்றினால் நீர் வெளியேறித் திசு சுருங்குகிறது. உறையவைத்தாலோ பனிப்படிகங்கள் செல்களைச் சிதைக்கின்றன. உருகிய குடல் தொய்ந்து, இழுத்த இழுப்புக்கு நீள்கிறது. ஃபார்மலினில் விறைத்த பெருங்குடல் சுருளை நிமிர்த்தப் பார்த்தால் கிழிந்துவிடும். வளைவோடு நூலை வைத்துத்தான் அளக்க வேண்டும். நூல் உள்வளைவில் போனால் ஒரு நீளம், வெளிவளைவில் போனால் வேறொரு நீளம்.

பிழை நீளத்தோடு நிற்பதில்லை. நீளமும் சுற்றளவும் தலா 10 சதவீதம் சுருங்கியதாக வைத்துக்கொள்வோம். உட்பரப்பு 19 சதவீதம் குறையும். கொள்ளளவு ஏறக்குறைய 27 சதவீதம் குறையும். உணவை உறிஞ்சுவதற்குப் பரப்பும் நொதித்தலுக்குக் கொள்ளளவும்தான் முக்கியம். நமக்கு மிகவும் வேண்டிய எண்களில்தான் பிழை பெருகுகிறது.

விகிதமாகக் கணக்கிட்டால் சுருக்கம் அடிபட்டுப்போகும் என்று சிலர் வாதிடலாம். ஆய்வாளர்கள் சிவர்ஸும் ஹ்லாடிக்கும் 1980இல் பாலூட்டிகளின் குடலை ஒப்பிட்டபோது, இரைப்பையும் சீக்கம் உள்ளிட்ட பெருங்குடலும் சேர்ந்த அளவைச் சிறுகுடலின் அளவோடு வைத்துப் பார்த்தார்கள். இலை தின்னிகளையும் ஊனுண்ணிகளையும் பிரித்தறிய அது இன்றும் பயன்படும் அளவுகோல். ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே வீதத்தில் சுருங்கினால்தான் விகிதம் மாறாமல் இருக்கும். இரைப்பையின் தசைச்சுவர் தடித்தது. சீக்கத்தின் சுவர் மெல்லியது. இரண்டும் ஒரே மாதிரி சுருங்கும் என்று கொள்ள ஆதாரம் வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கலப்பு ஒப்பீடு. ஓர் இனத்தைப் புதிதாகவும் மற்றொன்றைப் பல ஆண்டு எத்தனாலில் கிடந்தபின்பும் அளந்து ஒரே அட்டவணையில் போட்டால், பாதுகாப்பு முறையால் வந்த வேறுபாடு உணவுப் பழக்கத்தால் வந்ததாகத் தோன்றும். ஓர் இனத்துக்கு ஓரிரு உடல்களே கிடைக்கும் நிலையில், சராசரி எடுத்தும் அதைச் சரிசெய்ய முடியாது.

இதற்காகப் பழைய குப்பிகளை ஒதுக்கக் கூடாது. சீக்கம் பையுருவா, பெருங்குடல் சுருண்டதா என்ற வடிவக் கேள்விகளுக்கு அவை இன்றும் நம்பகமான சாட்சிகள். சில சென்டிமீட்டர் வித்தியாசத்தை வைத்து முடிவு கட்டும்போதுதான் கவனம் தேவை. இறந்த உடலைத் திரவத்தில் இடுமுன் அளவுகோலோடு படமெடுத்து, அளந்து, எடையும் குறிக்க வேண்டும். அதே மாதிரியைச் சில மாதங்கள் கழித்து மறுபடி அளந்தால் எந்தப் பகுதி எவ்வளவு சுருங்கியது என்று தெரியும். எந்தத் திரவம், எத்தனை நாள், யார் எப்படி அளந்தார் என்ற விவரம் ஒவ்வொரு எண்ணோடும் அச்சேற வேண்டும். செலவில்லாத இந்த ஒழுங்கைக் கட்டாயமாக்குவது ஆய்விதழ்களின் கடமை. இந்த விலங்குகளில் பலவற்றை அடுத்த தலைமுறை புதிதாக அளக்க வாய்ப்பே இல்லாமல் போகலாம். கையில் கிடைத்த ஒவ்வோர் உடலையும் சரியாகப் பதிவுசெய்வதைத் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை.